தேவிகுளமும் நுவரெலியாவும்

(தோட்டத் தொழிலாளர் பிரச்னை பற்றிய அரசியல் வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



"இன உணர்வும் பிரதேசமும் – இரண்டு நாடுகளின் அனுபவம்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இப்படியொரு தலைப்பைக் கொடுத்தால் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவில் புறப்பட்டு, ஆஸ்திரியா வழியாகச் சுற்றி, இரண்டு மணி நேரம் ஒருவருக்கும் விளங்காமல் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். (சிரிப்பு) நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு மலைகளைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ஒன்று கேரளத்தில் இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த தேவிகுளம் மலை. மூணாறு என்றால் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று இலங்கையின் நடுவே உள்ள நுவரெலியா.

இரண்டு மலைகளிலும் விளைவது தேயிலை. இரண்டிலும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவன் வெள்ளைக்காரன். பின்லே கம்பெனி இரண்டிலுமே கால் பதித்திருந்தது. இரண்டிலும் கொழுந்து பறித்தவர்கள், பறிக்கிறவர்கள், திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்து ஏழை ஜனங்களின் சந்ததியார். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்க முடியாதவர்கள். கையகலம் நிலம் இல்லாதவர்கள். இரண்டிலும் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு ஒரே பெயர்: லயம். "லைன்" என்ற இங்கிலீஷ் வார்த்தை இரண்டு மலையிலும் தேய்ந்து லயமாகிவிட்டது. காலையில் ஆள் எண்ணும் இடம் பெரட்டுக் களம். மேலே துரை, கீழே கங்காணி.

ஆக, ஒரே மக்கள், ஒரே தொழில், ஒரே எஜமான். 1947-ல் இந்தியா விடுதலை அடைந்தது. 1948-ல் இலங்கை விடுதலை அடைந்தது. அதன் பிறகு இந்த இரண்டு மலைகளிலும் நடந்தவை ஒன்றல்ல. ஏன்? தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மண்ணின் கதை. கண்டி ராஜ்யம் 1815-ல் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. காப்பித் தோட்டம் போட நிலம் வேண்டுமே! 1840-ல் ஒரு சட்டம் போட்டார்கள். யாருக்குச் சொந்தம் என்று பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் ராஜாங்கத்துக்குச் சொந்தம் என்றார்கள். கண்டிச் சிங்கள விவசாயி தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவன், மாடு மேய்த்தவன், விறகு எடுத்தவன். அவனிடம் ஏது பத்திரம்? நிலம் சர்க்காருடையதாயிற்று, சர்க்கார் அதைக் கிரயம் வாங்கிக்கொண்டு துரைமார்களுக்குக் கொடுத்தது. 1848-ல் மாத்தளையில் கலகம் வெடித்தது. அதை ரத்தத்தில் அடக்கினார்கள். தன் மண்ணைப் பறிகொடுத்த விவசாயி அந்த மலையில் கூலிக்குப் போக மறுத்தான். அப்போதுதான் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவரும் வேலை மும்முரமாயிற்று.

இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். சிங்கள விவசாயிக்கு ஒரு நியாயமான குறை இருந்தது. அவன் மண் பறிபோனது உண்மை. ஆனால் பறித்தவன் கொழும்பிலும் லண்டனிலும் இருந்தான். கண் எதிரே அந்த மண்ணில் நின்றவன் அரை வயிற்றுக் கூலித் தமிழன். "என் மண்ணில் நிற்கிற அந்நியன் இவன்தான்" என்று விரலை நீட்டிக் காட்டுவதற்கு ஒரு கூட்டம் பின்னால் வந்தது. அந்த விரலை நம்பும்படியான சூழ்நிலையை ஏகாதிபத்தியம் நூறு வருஷத்துக்கு முன்பே தயாரித்து வைத்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் "சிங்களவன் கெட்டவன்" என்று பேசிவிட்டுப் போவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதில் அரசியல் இல்லை.

மூணாறுக் கதையும் தூரம் இல்லை. 1877-ல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து மன்றோ என்ற துரை கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினான். ஏறத்தாழ 1,37,000 ஏக்கர்! மலையில் வாழ்ந்த முதுவான் பழங்குடி மக்களை யார் கேட்டார்கள்? போடி வழியாகவும் குரங்கணி வழியாகவும் தமிழ் ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாக மேலே ஏறினார்கள். இலங்கைக்குப் போனவர்களோ ஆரம்ப காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவும் அம்மையும் பசியும் வழியெல்லாம் பிணங்களைப் போட்டன. உயிரோடு போய்ச் சேர்ந்தவன் தலையில் வழிச்செலவுக் கடன். அந்தக் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். துண்டுக்குப் பணம் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் சொந்தம். 1921-ல்தான் அந்த முறையைச் சட்டத்தால் நிறுத்தினார்கள். மனிதனை ஒரு காகிதம் கட்டி வைத்த கதை அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரிய காகிதம் பின்னால் வருகிறது.

1947-ல் இலங்கையில் பொதுத்தேர்தல். மொத்தம் 95 ஸ்தானங்களுக்குத் தேர்தல் நடந்ததில் சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 42-தான் பிடித்தது. லங்கா சமசமாஜக் கட்சி 10, போல்ஷ்விக் லெனினிஸ்டுகள் 5, கம்யூனிஸ்டுகள் 3 என்று இடதுசாரிகள் 18 பேர் உள்ளே வந்தார்கள். மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் ஆட்களை ஜெயிக்கவைத்தது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். அது மட்டுமல்ல, தோட்டத் தொழிலாளி ஓட்டு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. 1940-ல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் குண்டுக்குப் பலியான நாளிலிருந்து அந்த மலை விழித்துக்கொண்டிருந்தது.

கொழும்பு முதலாளிகளும் தோட்ட அதிபர்களும் கணக்குப் போட்டார்கள். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டால் நம் கதி என்ன? சுதந்திரம் வந்த அதே வருஷம், 1948-ல், பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இலங்கையில் பிறந்தவன் என்றால் மட்டும் போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று நிரூபி. அல்லது உன் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபி! பிறப்பைப் பதிந்து வைக்கும் வழக்கமே சரியாக இல்லாத காலத்தில் லயத்தில் பிறந்தவனிடம் முப்பாட்டன் ஜாதகத்தைக் கேட்டார்கள். கேட்ட மந்திரிகளில் எத்தனை பேரால் தங்கள் முப்பாட்டன் பிறப்புச் சீட்டைக் காட்ட முடிந்திருக்கும்? 1949-ல் இன்னொரு சட்டம். விண்ணப்பம் போட்டால் பரிசீலிக்கிறோம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் மனுக்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. அதே 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்று கதவை அடைத்தார்கள்.

இடதுசாரிகள் 1948-ல் அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பாட்டாளியைப் பிறப்பால் பிரிக்கிற சட்டம் நாளை எல்லோர் கழுத்தையும் சுற்றும் என்று எச்சரித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைமை என்ன செய்தது? அங்கே பிளவு உண்டாயிற்று. பொன்னம்பலம் சேனநாயக்கா மந்திரி சபையில் சேர்ந்துகொண்டார். அந்தப் போக்கை ஏற்காத செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒரே மொழி பேசுகிறவன் என்பதற்காக எல்லோரும் கூட நிற்பார்கள் என்று நம்பிய மலைநாட்டுத் தொழிலாளிக்கு அது முதல் பாடம். மந்திரி நாற்காலிக்கும் வர்க்கம் உண்டு.

1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பண்டாரநாயக்கா சட்டம் செய்தார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்கு ஒரு பிரதேசம் இருந்தது. "இது எங்கள் தாயகம், இங்கே எங்கள் மொழியில் நிர்வாகம் நடக்கட்டும்" என்று அவர்களால் கேட்க முடிந்தது. 1957-ல் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்தில் பிரதேச சபைகள் அமைக்க ஒத்துக்கொண்டார்கள். சரி, மலைநாட்டுத் தொழிலாளிக்கு அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? பிரஜாவுரிமைப் பிரச்னையைச் சீக்கிரத்தில் கவனிப்போம் என்ற ஒரு வாய்ச்சொல். அவ்வளவே. அந்த ஒப்பந்தமும் 1958 ஏப்ரலில் பிக்குகளின் ஆர்ப்பாட்டத்துக்குப் பணிந்து கிழித்தெறியப்பட்டது வேறு கதை.

இனத்தைப் பிரதேசத்தோடு மட்டும் கட்டிப் பேசினால் என்ன நடக்கும் என்பதை இங்கே பார்க்கிறோம். பிரதேசம் உள்ளவனுக்குப் பேச ஒரு இடம் உண்டு. சிங்கள கிராமங்களுக்கு நடுவே தீவுபோல் லயத்தில் கிடப்பவனுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. அவனும் தமிழன்தான். ஆனால் வரைபடத்தில் அவனைக் காட்ட ஒரு கோடு கிடையாது.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் நாடற்றவர்கள் என்று கணக்கு எடுத்தார்கள். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974-ல் இந்திரா காலத்தில் அந்த மீதியையும் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். சந்தையில் ஆட்டு மந்தையைப் பங்கு போடுவதும் இதுவும் ஒன்றே. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? 1948-ல் எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சி 1964-ல் அதே மந்திரி சபையில் உட்கார்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கசப்பான உண்மைதான். பதினாறு வருஷத்தில் ஓட்டு இல்லாதவனின் குரல் இடதுசாரிகள் காதிலும் தேய்ந்துபோயிற்று. சட்டசபைக் கணக்கில் இல்லாதவன் கட்சிக் கணக்கிலிருந்தும் மெல்ல நழுவுகிறான்.

இனி தேவிகுளத்துக்கு வருவோம்.

மொழிவாரி ராஜ்யம் வேண்டும் என்று இந்தியாவில் பலமாகக் குரல் கொடுத்தவர்களில் நாம் முன்னணியில் இருந்தோம். விசாலாந்திரம், ஐக்கிய கேரளம், சம்யுக்த மகாராஷ்டிரம் என்று போராடினோம். ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் சர்க்கார் நடப்பது ஜனநாயகம் அல்ல என்ற எளிய நியாயம்தான் அதன் அடிப்படை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. அந்த வருஷக் கடைசியில் பசல் அலி கமிஷனை நியமித்தார்கள். 1955 செப்டம்பரில் அது அறிக்கை கொடுத்தது.

திருவாங்கூர் – கொச்சி ராஜ்யத்தில் தமிழர் வாழும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப்பிள்ளை சர்க்காரின் போலீஸ் சுட்டு உயிர்களைப் பறித்தது. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1-ந் தேதி நம்மோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பது கமிஷனுக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தும், பொருளாதாரம் முதலான காரணங்களைக் காட்டி, அந்த மலை கேரளத்துக்கே என்று முடிவு செய்தார்கள்.

அன்று பேசப்பட்ட வாதம் ஒன்றை மறக்கக் கூடாது. "அங்கே இருக்கிற தமிழர்கள் வந்துபோகும் கூலிகள்தானே! நிலையான குடிகளா?" என்றார்கள். கொழும்பில் 1948-ல் கேட்ட அதே குரல்! இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை செத்துப் புதைந்த மலையில் வாழ்பவன் வந்துபோகிறவனாம். தோட்டத் தொழிலாளி என்றால் அவனுக்கு ஊர் கிடையாது என்று ஆளும் வர்க்கத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே எண்ணம். இன்னும் ஒன்று: 1954–55-ல் மலைப் பகுதியில் மலையாளக் குடியானவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றும் திட்டத்தைத் திருவாங்கூர் – கொச்சி சர்க்கார் நடத்தியது. இலங்கையில் கிழக்கே கல்லோயாத் திட்டத்தில் சிங்களக் குடியானவர்களைச் சேனநாயக்கா குடியேற்றினார். குடியேறிய ஏழையின் பசி உண்மையான பசி. அவனை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஏழைக்கு நிலம் கொடுக்கும் நல்ல காரியத்தைக்கூட, ஜனத்தொகைக் கணக்கை மாற்றும் கருவியாக்கலாம் என்று சர்க்கார்கள் கண்டுபிடித்துவிட்டன.

ஆக, தேவிகுளத்தில் எல்லைக் கோடு தமிழனுக்குப் பாதகமாக விழுந்தது. சந்தேகமில்லை. அவன் தாலுகா ஆபீசில் புரியாத மொழியில் மனு எழுத வேண்டியதாயிற்று. ஆனால் 1956 நவம்பர் 2-ந் தேதி காலையில் அவன் என்ன உரிமையை இழந்திருந்தான்? அவனை யாரும் அந்நியன் என்று சொல்லிக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. அவன் ஓட்டை யாரும் பிடுங்கவில்லை. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி 1958-ல் மறுபடி நடந்தபோதும் அவரே ஜெயித்தார். லயத்து ஓட்டு ஒரு மந்திரி சபையின் பலத்தையே தாங்கி நின்றது. அதே 1958-ல் நுவரெலியாவில் லயத்துத் தமிழன் கலவரத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். அவனுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை.

இதைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். இந்தியாவில் கோடு நிலத்தின் மீது போடப்பட்டது. அது தவறாக விழுந்த இடத்திலும் இரண்டு பக்கத்து மனிதனும் ஒரே பிரஜையாக இருந்தான், சங்கம் வைத்தான், போராடினான். இலங்கையில் கோட்டை மனிதன் மீதே போட்டார்கள். நீ உள்ளே, நீ வெளியே என்று லயத்துக் கதவுக்குக் கதவு பிரித்தார்கள். அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று குடும்பங்கள் தலைமன்னார் துறைமுகத்தில் பிரிந்து அழுதன.

தேவிகுளத்தில் எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. 1958 அக்டோபரில், நம்முடைய மந்திரி சபை இருக்கும்போதே, மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளிகள் மாண்டார்கள். அதை மறைத்துவிட்டு இந்த வகுப்பு நடத்துவது நமக்கு அழகல்ல. பத்திரம் கேட்கும் பழக்கமும் அங்கே ஒழியவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்று போகிற லயத்துப் பையனிடம், "உன் முன்னோர் 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்று கேட்கிறார்கள். தேவிகுளம் தனித் தொகுதி. 2021-ல் அங்கே வென்ற ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பிரமாணம் எடுத்தார். அவரைக் கேரளத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கொள்ள முடியாது என்று 2023-ல் ஹைகோர்ட் அவர் தேர்தலையே ரத்து செய்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்த பிறகே அவர் ஸ்தானம் உறுதியாயிற்று. சட்டசபை உறுப்பினருக்கே இந்தப் பாடு என்றால் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணுக்கு எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோழர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "தேவிகுளம் தமிழ்நாட்டில் சேர்ந்திருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது அல்லவா?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. மொழி நியாயப்படி அந்தக் கோரிக்கை சரியானதே. சான்றிதழ்த் தொல்லையில் பாதி குறைந்திருக்கும். பிள்ளைகள் தாய்மொழியில் மேல்படிப்பு வரை போயிருப்பார்கள். இவை சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் தோழரே, மாஞ்சோலை எந்த ராஜ்யத்தில் இருக்கிறது? திருநெல்வேலி ஜில்லாவில்தான். சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. குத்தகை 2028-ல் முடிகிறது. தொழிலாளியும் தமிழன், கலெக்டர் ஆபீசும் தமிழ், போலீசும் தமிழ். 1999 ஜூலை 23-ந் தேதி, கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்த தொழிலாளிகளை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டி, 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் ஒன்று. 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டியது. நாலு தலைமுறை வாழ்ந்த லயத்தை விட்டு எங்கே போவது என்று அந்த ஜனங்கள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். மொழி ஒன்று, மாநிலம் ஒன்று. ஆனால் லயத்துச் சுவர் கம்பெனியுடையது, நிலம் ஜமீனுடையது, பிறகு காட்டிலாகாவுடையது. தொழிலாளிக்கு உரிய இடம் எங்கே?

எனவே பிரச்னைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அது நில உடைமை.

கேரளத்தில் 1970 ஜனவரி முதல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தம் நாம் பெருமைப்படத் தக்கது. குடிகிடப்புக்காரனுக்குக் கிராமப் பஞ்சாயத்தில் 10 சென்ட் நிலம் உரிமையாயிற்று. ஆனால் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். குடிகிடப்பு உரிமை லயத்துக்கு எட்டவில்லை. மலையாள விவசாயக் கூலிக்குச் சொந்தக் குடிசை நிலம் கிடைத்த காலத்தில், மூணாறில் ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்தைக் காலி செய்துகொண்டு போனான். 2015-ல் போனஸ் குறைந்தபோது மூணாறுப் பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்று ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்களே, கம்பெனியை மட்டுமா திட்டினார்கள்? எல்லாச் சங்கங்களையும் சேர்த்துத் திட்டினார்கள். அவர்கள் கேட்ட கேள்வியில் கூலி இருந்தது, லயமும் இருந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். இலங்கையில் 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் இதேபோல் லயங்கள் மண்ணுக்குள் போயின. சரிவு எங்கே வரும் என்று தெரிந்தாலும் லயத்துக்காரன் வேறிடத்தில் வீடு கட்டிக்கொள்ள முடியாது. அவனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

இலங்கையில் 1972-லும் 1975-லும் தோட்டங்களைத் தேசவுடைமை ஆக்கினார்கள். அன்றைய மந்திரி சபையில் இடதுசாரிகளும் இருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து நிலம் மீண்டது நல்ல காரியம். ஆனால் தேசவுடைமை என்றால் எந்தத் தேசம்? நாடற்றவன் என்று பெயர் சூட்டப்பட்டவன் அந்தத் தேசத்தில் சேர்த்தியா? 1973–74-ல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 மே மாதம் நுவரெலியா ஜில்லாவில் தோட்ட நிலத்தை எடுத்து வெளியாருக்குப் பங்கிட முற்பட்டபோது, டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் எதிர்த்து நின்று குண்டடிபட்டுச் செத்தான். 1840-ல் சிங்கள விவசாயியிடம் பறித்த மண்ணை மீட்டு இருவருக்குமாகப் பங்கிட்டிருக்கலாம். அதை விட்டு ஒரு ஏழையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஏழையை உட்காரவைக்க முயன்றார்கள். நிலத்தை இன அடையாளத்தோடு முடிச்சுப் போட்ட பிறகு சோஷலிசம் பேசினால் இப்படித்தான் முடியும்.

கப்பலேறி வந்தவர்கள் கதி என்ன? 1984 வரை தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்து இறங்கினார்கள். நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் பெருமளவு அவர்கள் கையால் எழுந்தவை. அங்கே "இந்தியத் தமிழன்" என்று விரட்டப்பட்டவனுக்கு இங்கே "சிலோன்காரன்" என்று பெயர். இப்போது அந்தத் தோட்டங்கள் நஷ்டம் என்று சொல்லி நிலத்தைக் காட்டிலாகாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீசுக்கு எதிராக நம் தோழர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அந்தப் போராட்டத்துக்கு இந்த வகுப்பிலிருந்தே நிதி திரட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இலங்கையில் மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு 1988-லும் பிறகு 2003-லும் சட்டம் செய்து பிரஜாவுரிமை கொடுத்தார்கள். 1948-ல் பறித்ததை முழுக்கத் திருப்பித் தர 55 வருஷம் ஆயிற்று. ஓட்டு வந்தது, மந்திரிகள்கூட வந்தார்கள். ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்ற கோரிக்கை பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2021-ல்தான் சட்டபூர்வமானது. வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்று திட்டம் போட்டார்கள். நம் கணக்கில் நாலரை சென்ட்கூட இல்லை. அந்த நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை.

2023-ல் மலையக மக்கள் தங்கள் முன்னோர் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் புறப்பட்டு, முதல் கூட்டம் நடந்த அதே வழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் தண்ணீர் கொடுத்துக் கூடவே நடந்தார்கள். நடந்தவர்கள் தனி நாடு கேட்கவில்லை. வீட்டுக்கு நிலமும் பத்திரமும் கேட்டார்கள். நியாயமான கூலி கேட்டார்கள். தங்கள் மொழியில் சர்க்கார் சேவை கேட்டார்கள். லயத்தில் பல இடங்களில் வீட்டுக்கென்று விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. தபால்காரன் நேரே வந்து கதவைத் தட்டும்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விலாசம் வேண்டும் என்பது அந்த மக்கள் வெகு காலமாகக் கேட்டுவருவது.